இமேஜினரியா இமேஜினேட்டிவா? ஒரே குழப்பமா இருக்கு

கேள்வி:
மக்களே, இந்த இமேஜினரி, இமேஜினேட்டிவ் ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? அகராதியப் பாத்தா ரெண்டுலயும் 'கற்பனை'ன்னுதான் வருது. நேத்து டீம்ல ஒருத்தர் ஒரு டிசைன் போட்டிருந்தாரு, சூப்பரா இருந்துச்சு, பாராட்டலாமேன்னு 'வெரி இமேஜினரி'ன்னு கமெண்ட் போட்டேன், அவரு வெறும் கேள்விக்குறி ஒண்ணு போட்டுட்டு கம்முனு இருந்துட்டாரு. ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?

பதில்:
அய்யோ 😂 அப்படி ஒரு டிசைனே கிடையாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க ப்ரோ. இமேஜினரின்னா நெசத்துல இல்லாதது. பூமத்திய ரேகை மேப்ல இருக்கு, நேர்ல போய் தேடினா எந்தக் கோடும் இருக்காது, அது இமேஜினரி. சின்னப் புள்ளைங்க யாருமே இல்லாத இடத்துல ஃப்ரெண்டு இருக்கறதா நெனச்சு பேசிட்டே இருக்கும்ல, அந்த ஃப்ரெண்டு இமேஜினரி, ஆனா அவனுக்கு ஒரு பேரும் வச்சு, சாப்பிட உக்காரும்போது அவனுக்கும் ஒரு தட்டு வைங்கன்னு அடம் புடிக்குதே அந்தப் புள்ளை, அதுதான் இமேஜினேட்டிவ், அதாவது கற்பனை வளம் உள்ளது.

பதில்:
கணக்குல கற்பனை எண் படிச்சிருப்பீங்களே, மைனஸ் ஒண்ணோட வர்க்கமூலம், அதுவும் இமேஜினரிதான். 1637ல டெகார்ட்ங்கற பிரெஞ்சு கணித மேதை அந்த மாதிரி விடைங்கள இமேஜினரின்னு எழுதினாரு, பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. இன்னிக்கு ஏசி (மாறுதிசை மின்சாரம்) சர்க்யூட் கணக்கு போடறவங்களுக்கு அது இல்லாம பொழப்பே ஓடாது (கணக்குல அதுக்கு ஐ-ன்னு குறி, ஆனா கரண்ட்டுக்கும் ஐ-தான் குறிங்கறதால குழம்பும்னு இவங்க ஜே-ன்னு எழுதுவாங்க). அதனால இமேஜினரின்னாலே உதவாததுன்னு நெனச்சிடாதீங்க.

கேட்டவர்:
ஓ. அப்ப கதைல வர்ற இல்லாத ஊரு இமேஜினரி, கதை இமேஜினேட்டிவ், கரெக்டா?

பதில்:
ஊரு ஓகே. கதைய படிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லணும் 😄 இல்லாத ஊர வச்சுக்கிட்டு அரைச்ச மாவையே அரைச்சிருந்தா அதுல இமேஜினேட்டிவா என்ன இருக்கு? நெசமா நடந்த ஒரு விஷயத்தையே யாரும் யோசிக்காத மாதிரி சொல்லியிருந்தா அது இமேஜினேட்டிவ். இமேஜினபிள்னு மூணாவதா ஒண்ணு இருக்கு, நெனச்சுப் பாக்க முடியறதுன்னு அர்த்தம், இப்போதைக்கு அத விடுங்க.

கேட்டவர்:
நன்றிங்க எல்லாருக்கும். கமெண்ட்ட மாத்திட்டேன், ஹார்ட் விட்டிருக்காரு, ஆனா அந்தக் கேள்விக்குறிய மட்டும் இன்னும் அழிக்கல.