மறு: ஃபாக் – குரல்வகையா, குரல்துறையா?

> ஆப்பரா பாடகரின் ஃபாக்கைக் குரல்வகை என்றாலே போதுமே. சொப்ரானோ (உச்சப் பெண்குரல்), டெனர் (உயர்ந்த ஆண்குரல்), பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) எல்லாம் குரல்வகைதானே?

போதாது ஐயா. ஃபாக் (Fach) என்ற ஜெர்மன் சொல் அதற்குள்ளே இன்னொரு பாகுபாடு, குரலின் கனமும் தன்மையும் எந்தப் பாத்திரங்களுக்குப் பொருந்தும் என்று வகுப்பது. மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' (வியன்னா, 1791) ஆப்பராவை எடுத்துக்கொள்ளுங்கள். பமீனா, பபகேனா, இரவின் அரசி மூவருமே சொப்ரானோ. ஆனால் பமீனா லிரிக், பபகேனா சுப்ரெட் (இலேசான, துடுக்கான குரல்), அரசி கொலொரத்தூரா. அரசி மேல் எஃப் சுரத்தைத் தொட்டாக வேண்டும் (ஏறக்குறைய 1397 ஹெர்ட்ஸ்), அதுவும் பிருகா உதிராமல். பமீனாவுக்கு அந்த உயரம் தேவையில்லை. மெல்லிய நீண்ட வரியைத் தொய்யாமல் இழுத்தால் போதும். ஒருத்திக்கு வைத்த பாட்டை இன்னொருத்தியிடம் கொடுக்க முடியாது.

பிழைப்பும் இதில்தான். ஜெர்மன் அரங்குகளில் நிரந்தரக் குழுவுக்குப் பாடகரை எடுப்பதே ஃபாக் பார்த்துத்தான். ஆடிஷனுக்குக் கொண்டுபோகும் நாலைந்து ஆரியாவும் (ஆப்பராவின் தனிப்பாடல்) ஒரே ஃபாக்கைக் காட்ட வேண்டும். பமீனாவையும் வாக்னரின் கனத்த பாத்திரமான புரூன்ஹில்டாவையும் கலந்து பாடினால் இவரை எங்கே வைப்பது என்று கேட்பவர்களுக்குப் புரியாது. இளம் லிரிக் குரலுக்குக் கனத்த பாத்திரம் கொடுத்தால் என்ன ஆகும்? மைக் கிடையாது, எதிரே முழு ஆர்கெஸ்ட்ரா. தொண்டையை அழுத்துவார். முதலில் உச்சியில் மெதுவாகப் பாடும் திறன் போகும். பிறகு நொடிக்கு ஐந்தாறு முறை அதிரும் விப்ராட்டோ மந்தமாகி அகன்று ஆடத் தொடங்கும்.

என் பரிந்துரை: குரல்துறை. ஜெர்மனில் ஃபாக் என்றால் பாடத்துறை, அலமாரித் தட்டு இரண்டும்தான். சொப்ரானோ மிரெல்லா ஃப்ரேனி 1963இல் லா ஸ்காலாவில் பாடியது லிரிக் பாத்திரமான மிமி, 1979இல் சால்ஸ்பர்க்கில் பாடியது அதைவிடக் கனத்த ஐடா. குரல்வகை மாறவில்லை, துறை மாறினார். 2009இல் பெர்லினில் பாரிட்டோன் (டெனருக்கும் பாஸுக்கும் நடுவான ஆண்குரல்) பாத்திரமான சிமோன் பொக்கனேக்ராவைப் பாடிய டெனர் டொமிங்கோவுக்கோ வகையே மாறியது. இந்த வேறுபாட்டைச் சொல்ல இரண்டு சொல் வேண்டாமா?

---

> குரல்துறை

புணர்த்தினால் குரற்றுறை ஆகும், வாயில் நுழையாது. இயல்பாகவே எழுதலாம், இலக்கணம் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். 'துறை' என்றதும் அரசு அலுவலகம் நினைவுக்கு வருவதுதான் உறுத்தல், ஆனால் 'குரல்' முன்னால் நிற்பதால் பழகிவிடும்.

கூடவே டெஸ்ஸிடூராவையும் முடித்துவிடுவோம். அதற்கு முந்தைய மடலில் பரிந்துரையாக வந்த மெலிவு, சமன், வலிவு பொருந்தாது, அவை ஸ்தாயிகள். டெஸ்ஸிடூரா என்பது பாட்டு பெரும்பாலும் உலவும் பகுதி. உச்ச சுரம் ஒரே ஒரு முறை வந்தால் தாங்கிக்கொள்ளலாம், அதற்குக் கொஞ்சம் கீழேயே இருபது நிமிடம் நிற்பதுதான் குரலை வாட்டும். 'புழங்கெல்லை' எப்படி? மொத்த வீச்சுக்கு 'குரலெல்லை' இருக்கட்டும். சுப்ரெட், லிரிக் எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே விடலாம்.