ஆடு புலி ஆட்டத்தைச் செயலியாக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஆடு புலி ஆட்டத்தை ஆண்ட்ராய்டு செயலியாகச் செய்துகொண்டிருக்கிறேன். கோடோ (Godot) என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி உள்ள முக்கோணப் பலகை. ஆடுகளை ஒவ்வொன்றாக வைப்பது, புலி தாண்டி வெட்டுவது எல்லாம் ஓடுகிறது.

சிக்கல் விதிகளில்தான். தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து ஆடும்போது சண்டை வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். செயலிக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். எல்லா ஆடும் இறங்கும் முன்பே புலி வெட்டலாமா? ஒரே நகர்வில் இரண்டு ஆடு வெட்டலாமா? எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி? அப்புறம், புலியும் ஆடும் அதே இரண்டு இடங்களுக்கு மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தால் ஆட்டத்தை எப்படி முடிப்பீர்கள்? உங்கள் ஊர் வழக்கம் எதுவானாலும், ஊர் பெயரோடு சொல்லுங்கள். ஒரே விதியைத் திணிக்க எனக்கு மனமில்லை. ஊர்வாரியாகத் தேர்வு செய்யும்படி வைக்கப்போகிறேன்.

இன்னொன்று, உச்சிக்குக் கீழே முதல் குறுக்குக்கோட்டில் நான்கு புள்ளிகள் நெருங்கி நிற்கின்றன. சின்னத் திரையில் விரல் வைத்தால் பக்கத்துப் புள்ளி தேர்வாகிவிடுகிறது. கோடுகளை விரித்து வரைந்தால் பலகையின் முகமே மாறிவிடுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. வடிவமைப்பு தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கணினி ஆடும் பக்கத்துக்கு மினிமேக்ஸ் (இரு பக்கத்தின் அடுத்தடுத்த நகர்வுகளையும் முன்கூட்டியே கணக்கிட்டு நல்ல நகர்வைத் தேர்வு செய்யும் முறை) எழுதியிருக்கிறேன். புலியாக நன்றாக ஆடுகிறது. ஆடாக ஆடும்போது மட்டும் கூட்டமாக நிற்கத் தெரியாமல் சிதறிவிடுகிறது. நிலையை மதிப்பிடும்போது அடைபட்ட புலிகளை மட்டும் எண்ணுகிறேன்; வேறு எதைச் சேர்க்கலாம்?

வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.