கோத்தகிரி ஏற்றம்: வாட்ச் காட்டும் கலோரியை அப்படியே சாப்பிட்டு ஈடுகட்டலாமா?

கோத்தகிரி_பெடல்:
எல்லாருக்கும் வணக்கம். தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. வயசு 36, எடை 72 கிலோ, 66-க்கு வரணும். ஞாயித்துக்கிழமை காலையில் சைக்கிளில் மேட்டுப்பாளையம் இறங்கி, ஒரு டீ குடிச்சிட்டு அதே ரோட்டில் திரும்ப ஏறி வர்றேன். ஏற்றம் மட்டும் 33 கி.மீ., மூணு மணி நேரம் பிடிக்கும். வார நாளில் ஷிப்ட் பார்த்து கோடநாடு பக்கம் ஒரு மணி நேரம்.

சாப்பாட்டு ஆப்பில் தினம் 1,900 கலோரி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை சவாரிக்கு வாட்ச் 2,600னு காட்டுது. அது தானாவே ஆப்புக்குப் போய், இன்னும் இவ்வளவு சாப்பிடலாம்னு வந்து நிக்குது. அவ்வளவு சாப்பிட மனசு வரலை, 1,900-லேயே நிறுத்திடறேன். குஞ்சப்பனை தாண்டினதும் காலில் பலமே இல்லை. திங்கள், செவ்வாய் ராத்திரி பசி தாங்காம வர்க்கியில் கை வைக்கிறேன். எடையும் நகரலை. 2,600 நிஜமா? அதில் எவ்வளவு சாப்பிடணும்? அம்மா செய்யற ராகி களியை ஆப்பில் எப்படிப் போடறது?

சிறுமலைக்காரன்:
ஆப்பில் 'ஆக்டிவிட்டி லெவல்' என்ன வெச்சிருக்கீங்க நண்பா? அதை உயர்த்தி வெச்சு, சவாரியையும் தனியா சேர்த்தா ஒரே உழைப்பு ரெண்டு தடவை ஏறிடும்.

கோத்தகிரி_பெடல்:
நின்னுக்கிட்டே செய்யற வேலைங்கறதால 'லேசான உழைப்பு'னுதான் போட்டிருக்கேன். சவாரி அதில் இல்லை.

குன்னூர்_வாத்தியார்:
தம்பி, மலையில் ஓட்டறவங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. சமவெளியில் காத்து எவ்வளவு எதிர்க்குதுனு தெரியாம உழைப்பைச் சொல்ல முடியாது. இங்கே உழைப்பில் பெரும்பங்கு நம்மையும் சைக்கிளையும் மேலே தூக்கறதுக்கே போகுது. உயரம் தெரிஞ்சா போதும், பேப்பரிலேயே போட்டுடலாம். பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தினவன் நான், இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் வாக்கில் இருக்கு, கோத்தகிரி 1,790 பக்கம். ஏற்றம் சுமார் 1,450 மீட்டர். நீங்க 72, சைக்கிள், தண்ணி, பை எல்லாம் 13னு வெச்சா 85 கிலோ. 85 × 9.8 × 1,450 போட்டா ஏறத்தாழ 1,200 கிலோஜூல். டயர் உராய்வு, செயின், காத்து இதுக்கெல்லாம் 300 சேருங்க. ஆக, 1,500 கிலோஜூல் வேலை பெடலில் விழுந்திருக்கு. உடம்பு எரிக்கறதில் நாலில் ஒரு பங்கு, சில பேருக்கு அதுக்கும் குறைவு, பெடலுக்கு வரும். மீதி சூடாப் போயிடும். சாப்பாட்டில் நாம சொல்ற ஒரு கலோரி 4.18 கிலோஜூல். அந்த நாலும் இந்த நாலும் அடிபட்டுப் போறதால, எத்தனை கிலோஜூல் வேலையோ கிட்டத்தட்ட அத்தனை கலோரி. உங்களுக்கு 1,500, மிஞ்சினா 1,600. பவர் மீட்டர், அதாவது பெடலில் விழற உழைப்பை நேரா அளக்கற கருவி, வெச்சிருக்கவங்களுக்கு வர்ற எண்ணும் இப்படித்தான் வருது.

சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு 65, 70 கலோரி போகும். அது உங்க தினசரிக் கணக்கில் ஏற்கெனவே இருக்கு. பல வாட்ச்கள் அதையும் சவாரியோட சேர்த்தே காட்டும். இறக்கத்தில் பிரேக் பிடிச்சு வர்ற நேரத்துக்குப் பெரிய செலவு கிடையாது, ஆனா ரோடு அதிர்வில் மணிக்கட்டு சென்சார் நாடியைத் தப்பா படிக்கும். எல்லாம் கழிச்சா கூடுதல் செலவுனு நீங்க எடுத்துக்க வேண்டியது 1,400 வாக்கில்தான். 2,600-ஐ நம்பிச் சாப்பிட்டா எடை ஏறும். நீங்க சாப்பிடாதது அந்த வகையில் சரி. ஆனா ஒண்ணுமே சேர்க்காம இருக்கறதுதான் குஞ்சப்பனையில் காலைப் பிடிக்குது.

அந்த 1,400-இல் பாதியை ஏறும்போதே சாப்பிடுங்க. மணிக்கு 50, 60 கிராம் மாவுச்சத்து வேணும். 750 மில்லி பாட்டிலில் 50 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சம்பழம் போட்டா ஒரு மணி நேரத்துக்கு ஆச்சு. அடுத்த மணிக்கு ரெண்டு வாழைப்பழம். கடலை மிட்டாய் வேண்டாம். கடலையில் பாதி கொழுப்பு, ஏத்தத்தில் வயித்திலேயே நிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு தின்னலாம்.

மன்னவனூர்_அக்கா:
வாத்தியார் ஐயா போட்ட கணக்கை உடம்பு பக்கத்திலிருந்து பாருங்க தம்பி. 1,900 சாப்பிட்டு 1,400 சவாரிக்குப் போனா இதயம், மூளை, குடல் எல்லாத்துக்கும் மிச்சம் 500. கொழுப்பு நீங்கலா உங்க எடை 58 கிலோனு வெச்சா கிலோவுக்கு 9 கலோரிகூட இல்லை. ஆராய்ச்சிகளில் கிலோவுக்கு 30-ஐத்தான் அபாயக் கோடா வெச்சிருக்காங்க. ஒரு நாள் குறைஞ்சா உடம்பு தாங்கும். இதே பழக்கமானா தூக்கம், எலும்பு, ஹார்மோன்னு ஒவ்வொண்ணா அடிவாங்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதுக்கு 'ரெட்-எஸ்'னு பேர் வெச்சாங்க. இதைப் படிக்கற பெண்களுக்கு: மாதவிலக்கு தள்ளிப்போனா, நின்னு போனா, நல்லா ஓட்டறதோட அடையாளம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. டாக்டரைப் பாருங்க.

எடை குறைக்கறதைச் சவாரி இல்லாத நாளில் வெச்சுக்கோங்க. அன்னிக்கு 300 குறையட்டும், ஞாயிறு ஒண்ணும் குறைய வேண்டாம். வாரம் முழுசும் கூட்டிப் பாருங்க. திங்கட்கிழமை எடை ஏறிக் காட்டினா பயப்படாதீங்க. தசையில் மாவுச்சத்து திரும்பச் சேரும்போது ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணியும் சேரும். தினம் காலையில் பார்த்து வாரச் சராசரியை மட்டும் எழுதுங்க.

களிக்கு, வெந்ததை எடை போடாதீங்க. தண்ணி ஒவ்வொரு நாளும் மாறும். மாவை அளந்து அம்மாகிட்ட கொடுங்க, 100 கிராமுக்கு 330 கலோரி வாக்கில் வரும். எத்தனை பேர் சாப்பிட்டீங்களோ அத்தனையாப் பிரிச்சுக்கலாம். சோத்துக்கும் அரிசியா இருக்கும்போதே அளக்கறதுதான் வழி. நம்ம வீடுகளில் கணக்கு ஓட்டையாகறது பெரும்பாலும் எண்ணெயில்தான். ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி, தாளிக்கறதிலேயே ரெண்டு போகும். புரதம் 115 கிராம் பக்கம் வரணும், ராத்திரிப் பசிக்கு அதுவும் உதவும். அவரைப்பருப்பு, முட்டை, தயிர்னு பார்த்துச் சேருங்க.

கோத்தகிரி_பெடல்:
வாத்தியார் சார், அக்கா, ரொம்ப நன்றி. வாட்ச் இணைப்பை ஆப்பிலிருந்து எடுத்துட்டேன், ஞாயிறுக்கு 1,400னு கையால் போடப் போறேன். ஒரே ஒரு சந்தேகம். நாலரைக்குக் கிளம்பும்போது வயித்தில் ஒண்ணும் இறங்காது.

குன்னூர்_வாத்தியார்:
மலை இறங்கறதுக்குச் சாப்பாடு அவசியமில்லை தம்பி, ஒரு பழமும் சர்க்கரை போட்ட டீயும் போதும். மேட்டுப்பாளையத்தில் வெறும் டீயோட திரும்பாதீங்க. நாலு இட்லி சாப்பிட்டு அரை மணி உட்கார்ந்துட்டு ஏறுங்க, வடை வேண்டாம். ஆனா நாலரைக்குக் கிளம்பவே கிளம்பாதீங்க. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டுக்கே வரும். நல்லா விடிஞ்ச பிறகு இறங்குங்க.