ரி.ரி.பி. கூடியும் ரி.என்.எஃப். ஏன் குறையவில்லை?

கேள்வி (ஆய்வு மாணவி, பேராதனை):
வணக்கம். எலியின் மக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்புக் கலங்களுக்கு எல்.பி.எஸ். (அழற்சியைத் தூண்டும் பற்றீரியாச் சுவர்ப் பொருள்) கொடுத்து 2 மணி நேரத்தின் பின் எடுத்த மாதிரிகளில், எனக்கு ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் கிடைக்கின்றன. ரி.ரி.பி. (திரிஸ்டெட்ராப்புரோலின்) என்னும் புரதம், அழற்சியைத் தூண்டும் ரி.என்.எஃப். புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.யின் கடைப்பகுதியிலுள்ள ஏயூயூயூஏ தொடர்களைப் பற்றி, அதனை விரைவாகச் சிதைக்கச் செய்யும் என்று படித்திருக்கிறேன். அதன் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு மூட்டழற்சியும் உடல் மெலிவும் ஏற்பட்டதை 1996இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் புரதங்களைப் பருமன்படி பிரித்துப் பிறபொருளெதிரியால் இனங்காணும் என் வெஸ்டர்ன் புளொட்டில் ரி.ரி.பி. மிகவும் கூடியிருக்க, ரி.என்.எஃப். தூதும் குறையாமல் நிற்கிறது. ரி.ரி.பி.யின் பட்டையும் எதிர்பார்த்த 34 கிலோடால்ரன் நிறைக்கு மேலே இழுபட்டுத் தெரிகிறது. பிறபொருளெதிரி பிழையாக இருக்குமா?

பதில் 1 (ஹட்டன்):
தங்கச்சி, பிறபொருளெதிரியைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். அந்த இழுபட்ட பட்டையில்தான் விடை இருக்கிறது. எல்.பி.எஸ். தூண்டும் பி38 என்னும் சமிக்ஞைப் பாதையில் எம்.கே.2 என்னும் நொதியம் ரி.ரி.பி.யின் 52ஆம், 178ஆம் செரின்களில் பொசுபேற்றைச் சேர்க்கிறது. அதனால் புரதம் அழியாமல் தேங்குகிறது. அதே வேளை, தூதின் பொலி-ஏ வாலை வெட்டும் சி.சி.ஆர்.4-நொட் தொகுதியை அழைத்துவரும் திறன் குன்றுகிறது. அந்த இடைவெளியில் எச்.யு.ஆர். புரதம் அதே தொடர்களில் அமர்ந்து தூதைக் காக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பிரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) பெயர் கொடுத்தவர்களை எண்ணி அன்றைய கொழுந்தின் நிறையைச் சொல்ல முடியாது அல்லவா? புளொட் காட்டுவது பிரட்டுக் கணக்கை மட்டுமே; புரதம் வேலை செய்கிறதா என்பதை அல்ல. மாதிரியின் ஒரு பகுதியை, பொசுபேற்றை நீக்கும் நொதியமான பொசுபற்றேசுடன் வைத்துப் பாருங்கள். பட்டை கீழிறங்கினால் ஐயம் தீரும்.

பதில் 2 (நுவரெலியா):
உடன்படுகிறேன். ஆனால் தூதின் அளவு, ஆக்கமும் அழிவும் சேர்ந்த விளைவு. எல்.பி.எஸ். ஆக்கத்தையும் கூட்டுவதால், அக்டினோமைசின் டி கொடுத்து ஆக்கத்தை நிறுத்தி, 15, 30, 60 நிமிடங்களில் எஞ்சியதை அளந்தால் மட்டுமே அழிவின் வேகம் தெரியும். பி38 தடுப்பியைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து ஒரு மாதத்தை வீணாக்கினேன்: ரி.ரி.பி. தேங்குவதற்கும் பி38 வேண்டுமென்பதால், செயற்பட வேண்டிய புரதமே இல்லாமற் போய்விடும். அக்டினோமைசினுடன் சேர்த்தே கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பொசுபற்றேசுக்குப் பின் பட்டை கீழிறங்கிவிட்டது. நீங்கள் சொன்ன நேரத்தில் தடுப்பியைச் சேர்த்தபோது ரி.என்.எஃப். தூது தெளிவாகவே வேகமாக மறைந்தது. பிறபொருளெதிரியை மாற்றக் கேட்டு எழுதிய கடிதத்தை நல்ல வேளையாக இன்னும் அனுப்பவில்லை.