மீன்பிடி தடைக்காலத்துல கடற்கரை வீடுகளுக்கு காய்கறி எத்திக்கணும், எப்படி தொடங்கலாம்?

குளச்சல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க குமரி மேற்கு கடற்கரை பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வர விசைப்படகுக்கு தடை, வள்ளத்துக்கு, அதான் நாட்டுப்படகுக்கு, தடை இல்லன்னாலும் ஆனி ஆடில கடல் அடிக்கிற அடிக்கு பல நாள் எறக்கவே முடியாது. ரேஷன் அரிசி இருக்கு, ஆனா மீனும் இல்ல, காய் வாங்க காசும் இல்ல, தனியா கெடக்குற வயசான அம்மாமாரு வெறுஞ்சோறும் ஊறுகாயுமா ஓட்டுறாங்க, பாக்கவே மனசு கேக்கல. பூதப்பாண்டி, தோவாளைல விளையுறது இங்க வர ரொம்ப தூரமும் இல்ல. எங்க மகளிர் குழு வாரம் ஒருநா விவசாயிகிட்ட நேரா வாங்கி வீட்டுக்கு குடுக்கலாம்னு இருக்கோம். யார்கிட்ட பேசணும்?

பூதப்பாண்டி தோட்டம்:
அக்கா, நல்ல காரியம். ஒண்ணு மட்டும், இனாமா கேக்காதீங்க, ஒரு வாரம் குடுப்பாங்க, மறுவாரம் போன் எடுக்க மாட்டாங்க. வளைஞ்ச வெள்ளரிக்கா, குலையில கடைசி சீப்பு ஏத்தங்கா இதெல்லாம் வியாபாரி அடிமாட்டு விலைக்கு கேப்பான், ருசில ஒரு குறையும் இருக்காது, அதுக்கு ஒரு நியாய விலை பேசிக்கிடுங்க. மரச்சீனிய, அதான் மரவள்ளிக் கெழங்க, பிடுங்குனா ரெண்டு மூணு நாள்ல உள்ள கருப்பு ஓடிரும், மண்ணுக்குள்ள கெடந்தா ஒண்ணும் ஆகாது, அதனால எத்தன வீடுன்னு முந்துன நாளே சொன்னா எனக்க தோட்டத்துல விடியக்காலம் பிடுங்கி வைப்பேன். சேன, பூசணி, தடியங்கா (வெள்ளப்பூசணி) தாங்கும். கீரை அன்னைக்கே வீடு சேரணும்.

முட்டம் டெம்போ:
வண்டிக்கு வெளிய அலையாதீங்க. தடை நேரத்துல மீன் லோடு அடிக்கிற டெம்போ பாதி சும்மாதான் நிக்குது, ஓட்டுறவனுக்கும் வருமானம் கெடையாது, டீசலும் பேட்டாவும் குடுத்தா நம்ம பயலுவளே வருவாங்க. மீன் பெட்டில மட்டும் காய போடாதீங்க, தனி கிரேட் வாங்கி வைங்க, வண்டிய முந்துன நாளே நல்லா கழுவி காய விடணும்.

கடலோர டீச்சர்:
யாருக்கு வேணும்னு அன்பியத்துல (கோயில் பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து ஜெபிக்கிற சின்னக் குழு) உள்ள பெண்களுக்கு நல்லா தெரியும், பள்ளிவாசல் பக்கத்து வீடுகளுக்கு ஜமாத்துல கேளுங்க, மீன் விக்கப் போற அக்காமாருகிட்டயும் கேளுங்க, அவங்களுக்கு தெரியாத வீடே கெடையாது. பேர மைக்ல வாசிக்காதீங்க, லைன்ல நிக்க வச்சு போட்டோ எடுக்காதீங்க, அப்படி ஒரு குழு செஞ்சு நெசமாவே கஷ்டப்படுறவங்க யாரும் அந்தப் பக்கமே வரல. காய்ப் பைய வீட்டுல கொண்டு குடுத்துட்டு வந்துருங்க.

பேச்சிப்பாறை:
மலைக்கு செய்யதா இருந்தாலும் மொதல்ல கேட்டுட்டு வாங்க. காணி பழங்குடி மக்கள் குடியிருப்புக்கு ஒருதடவ மூட்ட மூட்டயா மரச்சீனி வந்துச்சு, அங்க விளையுறதே மரச்சீனிதான். அவங்க கேட்டது பருப்பும் கருவாடும். அவங்ககிட்ட கெழங்கு வெல குடுத்து வாங்கி கீழ கொண்டு போனா ரெண்டு பக்கமும் நல்லது.

குளச்சல்காரி:
கருவாடு நாங்க தரலாம், நெத்திலி காயப்போட்டு வச்சிருக்கோம். பூதப்பாண்டி அண்ணாச்சி, தனி மெசேஜ் போட்டுருக்கேன் பாருங்க. மொத லோடுக்கு மரச்சீனியும் தடியங்காயும் போதும், வீட்டுக் கணக்கு ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் சொல்லுறேன்.