நம்பிக்கை போன பிறகு நாள் கிழமைகளை என்ன செய்வது: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் இருந்தவரை, கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்பது அன்றாட வாழ்வில் பெரிய சிக்கலாகத் தெரிந்திருக்காது. அம்மா விளக்கேற்றுவார், அப்பா பஞ்சாங்கம் பார்ப்பார், நம்பாதவரும் பந்தியில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டு எழுந்துவிடலாம். இங்கே குடிவந்த பிறகு யாராவது ஒருவர் முனைந்து செய்தால்தான் வீட்டில் பண்டிகை என்று ஒன்று உண்டு. அந்த ஒருவர் நீங்களாக இருக்கும்போதுதான், நம்பாத நான் இதை எதற்குச் செய்ய வேண்டும் என்ற கேள்வி உறுத்தத் தொடங்குகிறது. செய்யலாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு வழக்கத்தைத் தொடர்வதற்குக் கடவுளைத் தவிர வேறொரு காரணம் உங்களிடம் இருந்தால் அதைக் குறைவின்றிச் செய்யுங்கள். உறவினருக்குப் படம் அனுப்புவதற்காக மட்டுமே செய்வதாகத் தோன்றினால் விட்டுவிடுங்கள்.

பொங்கலில் தொடங்குவது எளிது. திராவிட இயக்கத்தார் அதை மதம் கடந்த தமிழர் திருநாளாகவே கொண்டாடி வந்திருப்பதால், அதற்காக நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சனவரி நடுவில் லண்டனில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய காலை 8 மணி ஆகிவிடும் என்பதால் இருட்டில் எழுந்து அல்லாட வேண்டாம். ஆனால் வாடகை வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பா என்று முன்பே பாருங்கள். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பித்தளைப் பானையோ மண்பானையோ அதில் சூடேறாது, அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும்.

கடினமானது பெற்றோரின் திவசம். ஆன்மா, பிதிர்லோகம், பிண்டம் எதிலும் நம்பிக்கையில்லாதவர் மந்திரம் சொல்லித் தர்ப்பணம் செய்தால் மனம் ஒட்டாது. ஒன்றுமே செய்யாமல் அந்த நாளை அலுவலகக் கூட்டங்களில் கரைத்துவிட்டால் அதைவிட மோசமாக இருக்கும். நான் சொல்வது இதுதான்: அன்றைக்கு விடுப்பு எடுங்கள். புரோகிதரை விட்டுவிடுங்கள், சமையலை விடாதீர்கள். ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ உள்ள நம்மவர் கடைகளில் வாழையிலையும் வாழைக்காயும் பாகற்காயும் கிடைக்கும். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத அந்தச் சமையலை அப்படியே வையுங்கள் என்பேன், ஏனென்றால் பெருங்காயம் இல்லாமல் மிளகும் சீரகமும் நெய்யில் பொரியும் அந்த வாசனை ஆண்டில் வேறெந்த நாளும் உங்கள் வீட்டில் எழாது, பிள்ளைகளுக்கு அதுவே தாத்தாவின் நாளாக மனத்தில் பதியும். தோட்டம் இருந்தால் காக்கைக்கு ஒரு பிடி சோறு வையுங்கள். லண்டனிலும் காக்கை உண்டு. திதியா, ஆங்கிலத் தேதியா என்று குழம்பாமல், ஊரில் உடன்பிறந்தவர் என்றைக்குச் செய்கிறாரோ அன்றைக்கே நீங்களும் வைத்துக்கொண்டால் குடும்பம் ஒன்றாக நினைத்த நாளாக இருக்கும். அன்னதானத்துக்கு ஈடாக உங்கள் பகுதி உணவு வங்கிக்கு அரிசி, பருப்பு, டின் உணவு என்று கெடாத பொருள்களாகக் கொடுக்கலாம். சமைத்த உணவைப் பொதுவாக அங்கே வாங்குவதில்லை.

கோயிலுக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள். ஹைகேட் முருகன் கோயிலிலோ ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேரிலோ உங்கள் நம்பிக்கையை யாரும் விசாரிக்கப்போவதில்லை. நாதசுரத்தைக் கேட்கவும், நான்கு தமிழ் முகங்களைப் பார்க்கவும், பிள்ளைகள் தேவாரத்தைப் பண்ணோடு பாடக் கற்கவும் போவது நல்ல காரணமே. ஆனால் சாப்பிட்டுவிட்டு மட்டும் வராதீர்கள். பரிமாறுவதிலோ பாத்திரம் கழுவுவதிலோ கைகொடுங்கள். நிர்வாகக் குழுவில் சேரச் சொன்னால் மறுத்துவிடுவது நேர்மை, அந்த இடம் நம்பிக்கையுள்ளவர்களுக்கு உரியது.

திருமணம் செய்துகொள்ள இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கிலாந்தில் பதிவு அலுவலகத் திருமணச் சடங்கில் மதம் சார்ந்த எதையும் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே அங்கே பதிவு செய்துவிட்டு, பிறகு ஒரு மண்டபத்தில் பெரியவர்கள் முன்னிலையில் மாலை மாற்றித் தாலி கட்டலாம். புரோகிதர் இல்லாத மணம் நமக்குப் புதிதன்று. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது.

வெள்ளைக்கார நண்பர்களிடம் இதைச் சொல்வதில் சங்கடமே இருக்காது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் 37.2 விழுக்காட்டினர் மதம் இல்லை என்றே குறித்திருக்கிறார்கள். சங்கடமெல்லாம் ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் தங்க வரும்போதுதான். அவர் வருவதற்கு முன்பே தொலைபேசியில் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். விமானம் ஏறி வந்து, சாமி அலமாரி இல்லாத வீட்டைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அவருக்கென்று ஓர் அலமாரியை ஒழித்துக் கொடுத்து, விளக்கும் திரியும் நல்லெண்ணெயும் வாங்கி வையுங்கள். கற்பூரப் புகைக்குத் தீ எச்சரிக்கைக் கருவி அலறும் என்பதையும் முதல் நாளே சொல்லுங்கள். பிள்ளை வந்து சாமி உண்டா என்று கேட்டால், பாட்டி நம்புகிறார், நான் நம்பவில்லை, நீ வளர்ந்து யோசித்துக்கொள் என்று பாட்டியின் முன்னாலேயே, அவர் மனம் நோகாத குரலில் சொல்லுங்கள்.