மார்க்கா பள்ளத்தாக்கு: மூன்றரை மணித் தண்ணீர் (அனுபவப் பகிர்வு)

ஒத்தையடி

லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கு நடை போனவர்களுக்கு இடம் தெரியும். மார்க்கா ஊரைத் தாண்டி உம்லுங் போகிற வழியில், பாலம் இல்லாத வருஷங்களில் ஆற்றில் இறங்கியே ஆக வேண்டிய அந்த அகலமான திட்டு. ஆகஸ்ட் முதல் வாரம், மதியம் மூன்றரை. காலையில் அடிக்கல் தெரிய முழங்காலளவு ஓடிய தண்ணீர், சிமென்ட் கரைத்த நிறத்தில் தொடையைத் தாண்டிவிட்டது.

இன்னும் உறுத்துவது ஆழம் இல்லை, சத்தம். தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் தனியாக ஒரு 'டொக்... டொக்'. கல் உருண்டு கல்லில் மோதுகிற ஓசை. கரையில் நின்றாலே உள்ளங்காலில் லேசாக அதிரும். அது கேட்டால் இறங்கக் கூடாது. ஆற்றின் அடித்தரையே நகர்கிறது என்று அர்த்தம். ஊன்றிய காலுக்குக் கீழே கல் புரளும், இல்லாவிட்டால் மேலிருந்து வருகிற கல் கணுக்காலில் அடிக்கும்.

திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டரைத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஜூலை கடைசி, ஆகஸ்டில் இந்தப் பள்ளத்தாக்கில் போட வேண்டியது மணிக் கணக்கு. காங் யாட்சே சிகரத்துப் பனியில் வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும். பனிக்குப் பக்கத்தில், மேலே இருக்கும் நிமாலிங் முகாமில், உச்சம் பிற்பகலிலேயே வந்துவிடும். கீழே இறங்க இறங்க அதே தண்ணீர் வந்து சேரத் தாமதமாகும், உச்சமும் தள்ளிப்போகும், வடிவதும் தள்ளிப்போகும். அதனால் 'விடிகாலைதான் குறைவு' என்பது எல்லா இடத்துக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. முகாமுக்கு வந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். தூங்கப் போகும்போது ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். அந்த இடத்தின் நேரம் பிடிபட்டுவிடும்.

முட்டுக்கல்

இதுக்குத்தான் 20 மீட்டர் கயிறு எடுத்துட்டுப் போகணும்கிறது. இடுப்புல கட்டி, கரையில ரெண்டு பேர் பிடிச்சா தொடையளவுத் தண்ணியெல்லாம் ஒரு விஷயமே இல்ல. நாலு பேர் போற குழுவுல ஒரு கயிறு சுமக்க முடியாதா?

நாணல்

முட்டுக்கல் சார், தயவுசெய்து அந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீங்க. இடுப்பில் கட்டிய கயிறுதான் ஆளை மூழ்கடிக்கும். வழுக்கியதும் கயிறு இறுகும், தண்ணீர் முதுகை அழுத்தும், ஆள் அந்த இடத்திலேயே குப்புறக் கிடப்பார். கரையில் இருப்பவர் இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகத்தான் அமுங்குவார். முடிச்சை அவிழ்க்கக் கை வராது. கயிறு இல்லாதவர் அடித்துக்கொண்டு போனாலும் மல்லாந்து, காலைத் தண்ணீர் ஓடும் திசையில் நீட்டி, ஓரமாக ஒதுங்க ஒரு வாய்ப்பாவது உண்டு.

போன செப்டம்பரில் ஹங்கர் ஊருக்குக் கீழே ஒரு குழு கடந்ததைக் கரையிலிருந்து பார்த்தபோது மனதில் பதிந்தது ஒரே காட்சி: இடுப்பு பெல்ட் மாட்டியபடி விழுந்த ஒருவரின் பை காற்றடைத்த பந்துபோல் மேலே மிதக்கிறது, முகம் அதற்குக் கீழே. இரண்டு விநாடிதான் இருக்கும். பக்கத்தில் இருந்தவர் பையின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறங்கும் முன் இடுப்பு பெல்ட், மார்புப் பட்டை இரண்டையும் கழற்றிவிடுங்கள், தோள்பட்டையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆறு அகன்று பல கிளையாகப் பிரியும் இடத்தைத் தேடுங்கள். ஒடுங்கின இடம் தாண்டச் சுலபம்போலத் தெரியும், ஆழமும் வேகமும் அங்கேதான். வேகம் இரண்டு மடங்கானால் காலில் விழும் தள்ளு நான்கு மடங்கு. கடக்கிற இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: பாறையோ வளைவோ இருந்தால் வேறு இடம். ஒரு குச்சியைப் போட்டுப் பாருங்கள். நடை வேகத்தை மிஞ்சி ஓடுகிறது, தண்ணீரும் முழங்காலுக்கு மேல் என்றால் காத்திருங்கள்.

வெறுங்கால் வேண்டவே வேண்டாம். இந்தக் குளிர் தண்ணீரில் ஒரு நிமிஷத்தில் பாதம் மரத்துவிடும், எங்கே ஊன்றுகிறோம் என்றே தெரியாது. விரல் மூடிய சாண்டல் நல்லது. அது இல்லையென்றால் சாக்ஸையும் உள்தட்டையும் எடுத்துவிட்டு ஷூவோடு இறங்குங்கள். தொளதொள பேன்ட் தண்ணீரைப் பிடித்து இழுக்கும், சுருட்டிவிடுங்கள். முகம் தண்ணீர் வரும் திசையைப் பார்க்க வேண்டும், ஊன்றுகோல் முன்னால், ஒரு நேரத்தில் ஒரு காலோ கோலோ மட்டும்தான் நகர வேண்டும். நாலு பேர் என்றால் கனத்த ஆள் முதலில், மற்றவர்கள் அவர் முதுகு மறைவில் ஒருவர் பையை ஒருவர் பிடித்து வரிசையாக, பக்கவாட்டில் நண்டு நடை.

முட்டுக்கல்

சரி, ஒத்துக்கறேன். கயிறு துணி காயப்போட.

தேய்ந்த சோல்

தண்ணீர் பேச்சிலேயே இருக்கிறீர்கள், நிமாலிங்கின் உயரத்தை யாரும் தொடவில்லை. அந்தக் கூடாரத்தில் ஒருவர் 'தலைவலி லேசாத்தான் இருக்கு' என்று சொல்லிக்கொண்டே ஷூ லேஸ் கட்டினார். முடிச்சு விழவில்லை. அவிழ்த்தார், திரும்பக் கட்டினார், லேஸ் நுனி கைக்குச் சிக்கவில்லை. மூன்றாம் தடவை லேஸையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் நாலாவது அடியில் சாய்ந்தார். அது சோர்வு இல்லை, உயரத்தால் வரும் மூளை வீக்கம். உடனே இறக்க வேண்டியது.

கோளாறு எங்கே என்று பாருங்கள். ஹங்கர் சுமார் 4,000 மீட்டர், நிமாலிங் 4,800ஐ ஒட்டி. 3,000க்கு மேலே தூங்கும் இடம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது பொதுக் கணக்கு. பெரும்பாலான ஐந்து நாள் திட்டங்கள் ஹங்கரிலிருந்து நேராக நிமாலிங் போகின்றன, ஒரே தாவலில் 800. நடுவில் தாச்சுங்ட்சேயில் ஓர் இரவு போட்டாலும் அடுத்த தாவல் 500ஐத் தாண்டும், ஆனாலும் எவ்வளவோ தேவலை. விமானத்தில் லே வந்து இறங்குகிறவர்கள் 3,500இல் இரண்டு முழு நாள் சும்மா இருந்தாக வேண்டும். அந்த இரண்டு நாளில் கார்துங் லா கணவாய்க்கு ஏறிப் போய்ப் படம் எடுப்பது 'சும்மா' கணக்கில் வராது.

உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை 125 மி.கி., காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாளே தொடக்கம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருப்பவர்கள் முக்கியமாக. விரல் நுனி ஊசி குத்தும், சோடா சப்பென்று இருக்கும். அது மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை ரொம்ப நம்பாதீர்கள், குளிர்ந்த விரலில் கண்டபடி காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண்ணைவிட ஆள் எப்படி நடக்கிறார் என்பதுதான் முக்கியம்.

நிமாலிங்கில் ஒரு பொறி இருக்கிறது. 'நாளைக்கு கோங்மாரு லா தாண்டினா இறக்கம்தானே' என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பாஸ் (கணவாய்) 5,200 மீட்டர் சொச்சம். இறக்கத்துக்கு முன்னால் 400 மீட்டர் ஏற்றம். நோயாளியை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வந்த வழியே, ராத்திரியானாலும், கீழே. மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் இருந்தால் 8 மி.கி. முதலில், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மி.கி. அது இறக்குவதற்குக் கிடைக்கும் அவகாசம், அங்கேயே படுக்க வைப்பதற்கு இல்லை.

மூணு விசில்

அரிசியைப் பத்தி ஒரு வார்த்தை. தாச்சுங்ட்சேயில முக்கால் மணி நேரம் கொதிச்ச சாதம், வெளியில குழைஞ்சு நடுவுல சுண்ணாம்புத் துகள் மாதிரி. கேஸ் கேன் அதோட காலி. அந்த உயரத்துல தண்ணி 86 டிகிரியிலயே கொதிச்சிடும், எவ்வளவு நேரம் எரிச்சாலும் அதுக்கு மேல ஏறாது. குக்கர்ல 15 பி.எஸ்.ஐ. வெயிட் போட்டா 113, 114 வரைக்கும் போகும். நம்ம வீட்டுக் குக்கர்ல 120 வரும், அதனால ஒரு விசில் கூடுதலா விடணும். பருப்பை மதியமே பாட்டில்ல ஊறப்போட்டுட்டு நடங்க. கேஸ்கெட் ஒண்ணு உபரியா வேணும், குளிர்ல விறைச்சு ஆவி கசியும்.

கேன் விமானத்துல ஏத்த முடியாது, லேயில வாங்கணும். வாங்கும்போது திருகு வாய் உங்க ஸ்டவ்வுக்குப் பொருந்துதான்னு கடையிலயே மாட்டிப் பாருங்க. வெறும் பியூட்டேன் குளிர்ல சரியா ஆவியாகாது. ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்ததா கேளுங்க, ராத்திரி தூங்குற பைக்குள்ள வைங்க. ஸ்டவ்ல தீப்பொறி வர அமுக்குற பட்டன் உயரத்துல சதி பண்ணும், தீப்பெட்டி ரெண்டு.

முட்டுக்கல்

மார்க்கா முழுக்க ஹோம்ஸ்டே இருக்கு, எதுக்குங்க குக்கர் தூக்கணும்?

மூணு விசில்

ஆறு பெருகி ரெண்டு ஊருக்கு நடுவுல ஒரு ராத்திரி மாட்டிக்கிட்டா தெரியும், எதுக்குன்னு.

நாணல்

இன்னும் இரண்டு, சுருக்கமாக. லடாக்கில் வெளி மாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் முழுக்க எடுக்கும் என்று நம்ப வேண்டாம். சாட்டிலைட் போன், செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவி எதையும் உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது, விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். அதனால் எந்த நாள் எந்த ஊர், எத்தனை நாள் தாமதமானால் தேட வேண்டும் என்று லேயில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, சாலை. முன்பு சில்லிங்கில் சன்ஸ்கார் ஆற்றைக் கம்பியில் தொங்கும் பெட்டியில் கடந்த காலக் குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. இப்போது பாலம் இருக்கிறது, வண்டி ஸ்கியு ஊர் வரையாவது போகிறது. முதல் நாள் நடை குறைந்ததே என்று அந்த நாளைத் திட்டத்திலிருந்து வெட்டிவிடாதீர்கள். உயரத்துக்கு உடம்பு பழக அந்த நாள் வேண்டும்.

புதுச்செருப்பு

செப்டம்பர் 20க்கு மேல போறோம். அப்பவும் இந்த மணிக் கணக்கு பொருந்துமா?

ஒத்தையடி

தண்ணீர் பெரும்பாலும் கெண்டைக்காலோடு நின்றுவிடும். ஆனால் கணக்கு தலைகீழாகும். விடிகாலையில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கற்களில் கண்ணாடிபோல ஐஸ் படலம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஈரம் மாதிரிதான் இருக்கும். ஊன்றுகோல் நுனியால் தட்டினால் 'கிறிச்' என்று வழுக்கும். கல் தாண்டிக் குதிக்காமல் தண்ணீருக்குள்ளேயே நடந்துவிடுங்கள், அல்லது வெயில் படும்வரை காத்திருங்கள். நிமாலிங்கில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், சாப்பாட்டுக் கூடாரங்களைச் சுருட்டியிருக்கலாம். ஹங்கரில் விசாரித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

பாஸுக்கு அந்தப் பக்கம் சோக்டோ ஊருக்கு இறங்கும் இடுக்கு மட்டும் எந்த மாதத்திலும் ஒன்றுதான். குறுகல், ஓடையை மாறி மாறிக் கடக்க வேண்டும், ஒதுங்க இடமில்லை. வானம் கறுத்திருந்தால் அதற்குள் இறங்காதீர்கள், ஓடை வாயில் கூடாரம் போடாதீர்கள். லேயில் 2010 ஆகஸ்ட் 5 ராத்திரி மேகம் வெடித்தபோது சேறும் கல்லும் வந்தது இந்த மாதிரி வறண்டு கிடந்த ஓடைகள் வழியாகத்தான். நிமாலிங்கிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் எட்டு, எட்டரைக்குப் பாஸ், மதியத்துக்கு முன் இடுக்குக்கு வெளியே.